உங்களுக்குத் தெரியுமா? ‘ஆன்செஸ்டர்’ என்றால் முன்னே நடந்தவர்!

முன்னோர் என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகூட ‘ஆன்செஸ்டர்’ என்று சொல்லிவிடும். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் அப்பாவும் இல்லை, பாட்டனும் இல்லை, ரத்த உறவே இல்லை. லத்தீனில் ‘ஆன்டே’ என்றால் முன். ‘செடெரே’ என்றால் செல்வது. இரண்டும் சேர்ந்து ‘ஆன்டிசெஸ்ஸோர்’, அதாவது முன்னே சென்றவர். அந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. குடும்பம், வம்சம் என்ற பொருளெல்லாம் வழியில் வந்து ஏறிக்கொண்டவை.

தமிழில் இதற்கு நேர் இணை ‘முன்னோர்’தான். ‘மூதாதை’ வேறு வகை. அதற்குள் ‘தாதை’, அதாவது தந்தை, உட்கார்ந்திருக்கிறார்.

வாத்தியாரும் ஆன்செஸ்டர்தான்

ரோமானியப் படையில், மற்றவர்களுக்கு முன்பாகக் குதிரையில் போய் வழியும் எதிரியும் பார்த்துவரும் வீரர்களுக்கு ‘ஆன்டிசெஸ்ஸோர்கள்’ என்று பெயர். பிற்காலத்தில் அதே பெயர் சட்டப் பேராசிரியர்களுக்குப் போனது. 533 டிசம்பரில் பேரரசர் ஜஸ்டினியன் சட்டப் படிப்புக்கு ஐந்தாண்டுப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்து ஆணையிட்டார். எந்த ஆண்டில் எந்தப் புத்தகம் நடத்த வேண்டும் என்பதுவரை அதில் இருக்கிறது. அந்த ஆணை எட்டுப் பேராசிரியர்களைப் பெயர் சொல்லி விளிக்கிறது. அவர்களின் பதவிப் பெயர் ‘ஆன்டிசெஸ்ஸோர்’. மாணவனுக்கு முன்னால் நடந்து வழி காட்டுகிறவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. ஆசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது.

‘ட்’ எங்கிருந்து வந்தது?

ஆன்செஸ்டரில் இருக்கும் ‘ட்’, ‘ஆன்டே’யில் இருந்த ‘ட்’ என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது இல்லை! அந்தப் பழைய ‘ட்’ பிரெஞ்சு வாயில் தேய்ந்து மறைந்தே போய்விட்டது. பிறகு சொல் குறுகக் குறுக, ‘ஸ்’ ஒலியும் ‘ர்’ ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அந்த இரண்டையும் ஒட்டிச் சொல்வது நாக்குக்குக் கஷ்டம். இடையில் தானாகவே ஒரு ‘ட்’ முளைத்தது. பழைய பிரெஞ்சில் ‘ஆன்செஸ்த்ர’ என்ற வடிவம் பிறந்தது அப்படித்தான். உயிரும் உயிரும் சந்திக்கும் இடத்தில் தமிழில் உடம்படுமெய் வருகிறதல்லவா? இங்கே மெய்யும் மெய்யும் சந்தித்த இடத்தில் இன்னொரு மெய் வந்து உதவியிருக்கிறது.

இதே காலத்தில் ‘ஆன்செஸ்ஸூர்’ என்று ‘ட்’ இல்லாத இன்னொரு வடிவமும் பிரெஞ்சில் இருந்தது. எழுவாயாக வரும்போது ‘ஆன்செஸ்த்ர’, மற்ற வேற்றுமைகளில் வரும்போது ‘ஆன்செஸ்ஸூர்’. ஆங்கிலம் இரண்டையும் வாங்கி ஒன்றாக்கிக்கொண்டது.

இறந்தவரும் வாரிசும் ஒரே வேரில்

‘செடெரே’ என்ற அந்த வினைச்சொல்லுக்கு ஆங்கிலத்தில் பெரிய குடும்பம். முன்னே சென்றவர் ஆன்செஸ்டர். பின்னே வருபவர் ‘சக்சஸர்’. விலகிச் சென்றவர் ‘டிசீஸ்ட்’. இறப்புச் சான்றிதழில் இருக்கும் அதே சொல். ஒருவர் வகித்த பதவியை அவருக்கு முன் வகித்து விலகியவர் ‘ப்ரிடிசெஸர்’. ‘ப்ரொசீட்’, ‘ரிசீட்’, ‘கன்சீட்’, ‘அக்சஸ்’ எல்லாமே இந்த வேர்தான்.

‘ஆன்டே’ பக்கத்திலும் உறவினர் உண்டு. பழம்பொருளைக் குறிக்கும் ‘ஆன்டிக்’ அதிலிருந்து வந்தது. சம்பளத்தில் முன்பணம் வாங்குகிறோமே ‘அட்வான்ஸ்’, அதுவும் ‘ஆன்டே’யின் வழியில் வந்ததே. அதில் இருக்கும் ‘ட்’ பிற்காலத்து எழுத்தர்கள் தவறாகச் சேர்த்தது.

அரசு வேலைக்குப் போனவர்கள் அறிந்த சொல்

மத்திய, மாநில அரசு வேலைக்குத் தேர்வானவுடன் போலீஸ் விசாரணை ஒன்று நடக்கும். அந்தப் படிவத்தின் தலைப்பில் ‘கேரக்டர் அண்ட் ஆன்டிசிடென்ட்ஸ்’ என்று இருக்கும். ‘ஆன்டிசிடென்ட்’ ஆன்செஸ்டரின் உடன்பிறந்த சொல். முன்னே சென்றவை, அதாவது இதற்கு முன் நடந்தவை. அங்கே கேட்கப்படுவது உங்கள் தாத்தாவைப் பற்றி அல்ல. உங்களைப் பற்றி, உங்கள் கடந்த காலத்தைப் பற்றி. ஆங்கில இலக்கணத்திலும் இதே சொல் உண்டு: ‘அவர்’, ‘அது’ என்று சுட்டுவதற்கு முன்பாக வந்துவிட்ட பெயர்ச்சொல்லுக்கு ஆன்டிசிடென்ட் என்று பெயர்.

சுமந்தவர் அல்ல, இருந்தவர்

முன்னோருக்கு ‘ஃபோர்பேர்’ என்றும் ஒரு சொல் உண்டு. பிள்ளை சுமப்பதைக் குறிக்கும் ‘பேர்’ இதில் இருக்கிறது என்று ஆங்கிலேயர்களே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஸ்காட்லாந்தில் 15ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வந்த சொல். ‘ஃபோர்’ என்றால் முன். ‘பி-யர்’ என்றால் இருப்பவர். நமக்கு முன் இருந்தவர், அவ்வளவே. எழுத்துக் கூட்டலில் ஒரே ஓர் எழுத்து குறைந்தால், ‘பொறுத்துக்கொள்’, ‘செய்யாமல் விடு’ என்ற பொருள் தரும் வேறொரு வினைச்சொல்லாகிவிடும். தேர்வு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

எந்த இடத்தில் எந்தச் சொல்? ஆன்செஸ்டர் ஆண், பெண், விலங்கு, செடி எல்லாவற்றுக்கும் பொருந்தும்; மணிச்சட்டத்தைக் கணினியின் ஆன்செஸ்டர் என்றுகூடச் சொல்லலாம். ஃபோர்பேர் மனிதர்களுக்கு மட்டும், பெரும்பாலும் பன்மையில். ‘ஃபோர்ஃபாதர்’ ஆண்களை முன்னிறுத்தும் சொல். உங்கள் அலுவலகத்தில் உங்களுக்கு முன் இருந்த மேலாளரை மட்டும் ஆன்செஸ்டர் என்று எழுதிவிடாதீர்கள், அவர் ப்ரிடிசெஸர்.

பித்ருவும் ஃபாதரும்

அமாவாசையன்று தர்ப்பணம் செய்யும் வீடுகளில் ‘பித்ருக்கள்’ என்ற சொல் காதில் விழும். வடமொழியில் அதற்கு நேர்ப்பொருள் ‘தந்தையர்’. ஃபோர்ஃபாதர் என்ற ஆங்கிலச் சொல்லில் இருக்கும் ‘ஃபாதர்’ இந்தப் பித்ருவோடு ஒரே மூலத்தில் பிறந்தது. லத்தீனில் ‘பாட்டெர்’, வடமொழியில் ‘பித்ரு’, ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’. ஜெர்மானிய மொழிகளில் ‘ப’ ஒலி ‘ஃப’ ஆக மாறியது. ‘பாதம்’ என்பது அங்கே ‘ஃபுட்’. ‘பஞ்ச’ என்பது ‘ஃபைவ்’. இந்த மாற்றம் தற்செயல் அல்ல, ஒழுங்கு தவறாத விதி என்பதை 1822இல் விரிவாக எழுதிக் காட்டியவர் யாக்கோப் கிரிம். தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர் அவரேதான்.

நாரையின் கால்

நாய் வாங்கப் போனால் ‘பெடிகிரி இருக்கா?’ என்கிறார்கள். வம்சாவளியைக் குறிக்கும் அந்தச் சொல் ‘பியே த க்ரூ’ என்ற பழைய பிரெஞ்சுத் தொடர். பொருள்: நாரையின் கால். வம்சாவளி எழுதிய பழைய தோல்சுருள்களில், தகப்பன் பெயரிலிருந்து பிள்ளைகள் பெயருக்கு மூன்று கோடுகள் பிரிந்து இறங்கும். ஈர மண்ணில் பதிந்த நாரையின் மூன்று விரல்கள் அப்படியே தெரியும். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் வந்துவிட்டது. எழுதுகோல் பிடித்த யாரோ ஒருவர் கண்ணால் கண்டு வைத்த பெயர் என்பதால், முன்னோர் பற்றிய ஆங்கிலச் சொற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது.

மூன்றாம் அப்பா

‘கிராண்ட்ஃபாதர்’ என்பதில் ‘கிராண்ட்’ பிரெஞ்சிலிருந்து வந்த ஒட்டு. பிரெஞ்சுக்காரர்கள் இங்கிலாந்தை ஆள வருவதற்கு முன்பு, பழைய ஆங்கிலத்தில் தாத்தாவுக்கு ‘கிழ அப்பா’ என்று பொருள் தரும் ‘எயால்ட்ஃபேடர்’ என்ற சொல் இருந்தது. கொள்ளுத்தாத்தாவுக்கு ‘மூன்றாம் அப்பா’. அவருக்கு மேலே ‘நான்காம் அப்பா’, ‘ஐந்தாம் அப்பா’ என்று எண்ணிக்கொண்டே போனார்கள். இன்று ‘கிரேட்’, ‘கிரேட்’ என்று அடுக்குவதைவிட அது எவ்வளவோ தெளிவு.

ரோமானியர்களிடம் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் இருந்தது, நம் பாட்டன், பூட்டன், ஓட்டன் போல. தாத்தா ‘அவுஸ்’. கொள்ளுத்தாத்தா ‘ப்ரோஅவுஸ்’. அதற்கு மேல் ‘அப்அவுஸ்’, அதற்கும் மேல் ‘அட்அவுஸ்’. இந்த ‘அட்அவுஸ்’ இன்றும் உயிரியலில் வாழ்கிறார். பல தலைமுறைக்கு முன் மறைந்துபோன ஒரு பண்பு திடீரென்று ஒரு பிள்ளையிடமோ கன்றிடமோ தலைகாட்டினால், அதற்கு ‘அட்டவிசம்’ என்று பெயர்.

அங்கிள் என்றால் குட்டித் தாத்தா

தெருவில் போகிற பெரியவரை எல்லாம் இன்று ‘அங்கிள்’ என்கிறோம். தாத்தாவைக் குறித்த அந்த ‘அவுஸ்’ என்ற சொல்லின் குறுக்கம் ‘அவுன்குலுஸ்’. குட்டித் தாத்தா என்று அர்த்தம். லத்தீனில் அது தாயுடன் பிறந்தவரை, அதாவது தாய்மாமனை மட்டும் குறித்தது. தகப்பனுடன் பிறந்தவருக்கு ‘பட்ரூயுஸ்’ என்று வேறு சொல். பிரெஞ்சும் ஆங்கிலமும் இந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டு, இருவருக்கும் தாய்மாமன் பெயரையே சூட்டின. சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று தனித்தனியே சொல்லத் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளும் எல்லோரையும் அந்த ஒரே சொல்லால் அழைப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

பேரன் பெயரில் தாத்தா

ஜெர்மன் மொழியில் பேரனுக்கு ‘எங்கெல்’ என்று பெயர். முன்னோரையும் தாத்தாவையும் குறித்த பழைய சொல்லின் குறுக்கம் அது. அங்கேயும் பொருள் குட்டித் தாத்தாதான்! தாத்தாவே பேரனாகத் திரும்பி வருகிறார் என்ற பழைய நம்பிக்கையை இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். தமிழில் ‘பேரன்’ என்பது ‘பெயரன்’. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தியும் ‘பெயர்த்தி’. இந்த இரண்டு மொழிகளுக்கும் எந்த உறவும் கிடையாது. இருந்தும் இரண்டும் குழந்தையின் பெயரிலேயே தாத்தாவை வைத்திருக்கின்றன.

சாவு வீட்டில் நடந்து வந்த முன்னோர்

ரோமானியர்கள் முன்னோரைப் பேச்சு வழக்கில் ‘மயோரெஸ்’ என்றார்கள். பெரியவர்கள் என்று பொருள். வெறும் வார்த்தையாக அல்ல, முகமாகவே அவர்களை வீட்டில் வைத்திருந்தார்கள். உயர் பதவி வகித்தவர் இறந்தால், அவர் முக அச்சு மெழுகில் வார்க்கப்பட்டு, வீட்டின் முன்கூடத்தில் மரப்பேழைக்குள் வைக்கப்படும். நிறமும் சாயலும் அப்படியே இருக்கும் என்று கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் எழுதுகிறார்.

அந்த வீட்டில் அடுத்த சாவு விழும்போது பேழைகள் திறக்கும். இறந்துபோன முன்னோர் ஒவ்வொருவரின் உயரமும் உடல்வாகும் கொண்ட ஆட்களைத் தேடிப் பிடித்து, அந்த முகங்களை அணிவிப்பார்கள். கான்சலாக இருந்தவர் என்றால் ஊதாக் கரை போட்ட ஆடை. சென்சாராக இருந்தவர் என்றால் முழு ஊதா. வெற்றி ஊர்வலம் கண்டவர் என்றால் பொன்னிழை வேலைப்பாடு. தேரேறி ஊர்வலமாகப் போய், ஊர்ச் சதுக்கத்து மேடையில் தந்த நாற்காலிகளில் வரிசையாக உட்காருவார்கள். இறந்தவரின் மகன் எழுந்து முதலில் தகப்பனின் பெருமையைப் பேசுவான். பிறகு, அங்கே உட்கார்ந்திருக்கும் முகங்களில் மிகப் பழையவரிடமிருந்து தொடங்கி, ஒவ்வொருவர் செய்ததையும் சொல்லி வருவான். பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் ஏது என்று பொலிபியுஸ் கேட்கிறார். சரியான கேள்வி. ஆனால் அந்த நாற்காலிகளில் உட்காரப் பதவி வேண்டும். பதவியோ ஆண்களுக்கு மட்டுமே இருந்தது.

ஏழை வீடுகளுக்கும் வழி இருந்தது. பிப்ரவரி 13 முதல் 21 வரை ‘பரென்டாலியா’. சிறிது தானியம், சில உப்புக்கல், ஒயினில் நனைத்த ரொட்டி, கொஞ்சம் உதிரிப்பூ. இவ்வளவு போதும் முன்னோருக்கு என்று ரோமானியக் கவிஞர் ஓவிட் பதிவு செய்திருக்கிறார். அந்த நாள்களில் கோயில்கள் மூடப்படும், கல்யாணம் நடக்காது.

அண்ணனும் ‘ஆன்செஸ்டர்’ ஆன சட்டம்

1176இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி காலத்தில் ‘மோர்ட் டான்செஸ்டர்’ என்றொரு வழக்கு முறை வந்தது. பொருள்: முன்னோரின் மரணம். நிலம் வைத்திருந்தவர் இறந்தவுடன், வலியவன் ஒருவன் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டால், வாரிசு இந்த வழக்கைப் போடலாம். ஊரார் 12 பேரிடம் சில எளிய கேள்விகள் கேட்கப்படும். இறந்தவர் சாகும் நாளில் நிலம் அவர் கையில் இருந்ததா? குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தாரா? வழக்குப் போட்டவர்தான் அடுத்த வாரிசா? ‘ஆம்’ என்றால் நிலம் கைக்கு வரும்.

இதில் முன்னோர் என்று யாரைச் சொன்னார்கள் தெரியுமா? அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்காள் தங்கை, மாமன் சித்தப்பன், அத்தை சித்தி. உங்களுக்கு யாரிடமிருந்து சொத்து வருகிறதோ அவரே உங்கள் ஆன்செஸ்டர். வயதில் இளைய தம்பிகூட முன்னே சென்றுவிட்டால் முன்னோர்தான். சொல்லின் வேர்ப்பொருளுக்கு உண்மையாக நடந்துகொண்ட சட்டம் அது. 1833இல்தான் இந்த வழக்கு முறையை நீக்கினார்கள்.

பூர்வீகச் சொத்தில் யார் பூர்வீகர்?

நம் நீதிமன்றங்களில் ‘ஆன்செஸ்ட்ரல் ப்ராப்பர்ட்டி’ என்ற சொல் நாள்தோறும் ஒலிக்கிறது. மிதாக்ஷர இந்துச் சட்ட மரபில் இதன் பொருள் மிகக் குறுகல்: அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று ஆண் வழியில் வந்த சொத்து மட்டும். தாய்வழித் தாத்தாவிடமிருந்து வந்த நிலம் எத்தனை பழையது என்றாலும் இந்தக் கணக்கில் சேராது. லத்தீனில் யாரையும் விலக்காத சொல், இங்கே ஒரு கோட்டில் சுருங்கிவிட்டது.

வாங்குகிற பக்கத்திலும் முன்பு மகன்கள் மட்டுமே. தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்தி, அப்போது திருமணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. நாடு முழுவதும் மகளுக்குப் பிறப்பிலேயே சம உரிமை என்று திருத்தம் வந்தது 2005 செப்டம்பர் 9 முதல். அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. மகளுக்கு வழி திறந்தது நல்ல செய்தி.

தேதி தவறிய திருநாள்

அமெரிக்காவின் பிளிமத் ஊரில் ‘ஃபோர்ஃபாதர்ஸ் டே’ என்றொரு நாள் கொண்டாடப்படுகிறது. 1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள் அங்கே கரையிறங்கியதன் நினைவு. 1769இல் ‘ஓல்டு காலனி கிளப்’ என்ற சங்கத்தார் முதன்முதலாகக் கொண்டாடினார்கள். மான்கறி, சிப்பி, விலாங்கு, சோளமும் பயறும் சேர்ந்த கூட்டு, ஆப்பிள் பை என்று அன்றைய விருந்தின் பட்டியல்கூட எஞ்சியிருக்கிறது.

கரையிறங்கியது பழைய நாள்காட்டியில் டிசம்பர் 11. புதிய நாள்காட்டிக்கு மாற்ற 10 நாள் கூட்ட வேண்டும். 17ஆம் நூற்றாண்டுக்கு அதுதான் கணக்கு. சங்கத்தார் தங்கள் 18ஆம் நூற்றாண்டின் கணக்குப்படி 11 நாளைக் கூட்டிவிட்டார்கள். 21 வர வேண்டிய இடத்தில் 22 வந்தது. அந்தச் சங்கம் இன்றும் 22ஆம் தேதியே கொண்டாடுகிறது.

இந்த முன்னோருக்கு 81 அடி உயரக் கருங்கல் நினைவுச் சின்னம் 1889இல் எழுந்தது. அந்த மண்ணில் அவர்களுக்கு முன்பே வாழ்ந்தவர்கள் வாம்பனோவாக் மக்கள். முன்னே இருந்தவரே முன்னோர் என்றால், பிளிமத்தின் முன்னோர் அவர்கள்தாம். 1970 முதல் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில், நன்றி அறிவிப்பு நாளன்று, அதே பிளிமத்தில் பூர்வகுடிகள் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள்.

எட்டுக்குப் பதில் நான்கு

பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அடுத்த படி 8. இப்படி இரட்டித்துப் போனால் 10ஆம் தலைமுறையில் 1,024 பேர். 20ஆம் தலைமுறையில் 10 லட்சத்தைத் தாண்டும். 30ஆம் தலைமுறையில் 107 கோடி! ஆனால் அந்தக் காலத்தில் உலக மக்கள்தொகையே 50 கோடியைத் தொடவில்லை. கணக்கு எப்படிச் சரியாகும்? ஒரே மனிதர் பல கிளைகளில் திரும்பத் திரும்ப வருவதால்தான். உறவுக்குள் கல்யாணம் செய்தால் இது சீக்கிரமே நடந்துவிடும்.

ஸ்பெயின் மன்னர் 12ஆம் அல்ஃபோன்சோவுக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டிகள் 8 பேர் இருக்க வேண்டிய இடத்தில் 4 பேர்தான். அவருடைய தாத்தாக்கள் இருவரும் அண்ணன் தம்பி. பாட்டிகள் இருவரும் அக்காள் தங்கை. அந்த நான்கு பேரிலும் ஒரு பெண்மணி, மற்ற இருவரின் மகள்.

குகையில் கிடைத்த முன்னவர்

ஸ்பெயினின் அதபுவெர்கா மலையில் ‘கிரான் தொலினா’ என்ற இடத்தில் 1994இல் சில எலும்புகளும் பற்களும் கிடைத்தன. வயது சுமார் 8 லட்சம் ஆண்டுகள். ஆய்வாளர்கள் 1997இல் இந்த இனத்துக்கு ‘ஹோமோ ஆன்டிசெஸ்ஸர்’ என்று பெயரிட்டார்கள். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே லத்தீன் சொல்! ஐரோப்பாவுக்குள் முன்னே நடந்து வந்தவர் என்ற பொருளில் வைத்தார்கள். 2020இல் ஒரு பல்லின் எனாமலிலிருந்து பழம்புரதத்தைப் பிரித்துப் பார்த்தபோது, இவர்கள் நம் நேர் முன்னோர் அல்லர், நமக்கும் நியாண்டர்தால்களுக்கும் நெருங்கிய பக்கக் கிளை என்று தெரிந்தது. பெயர் அதனால் பொய்யாகிவிடவில்லை. ரத்தம் இல்லாவிட்டாலும் அவர்கள் முன்னே சென்றவர்களே.

இன்னும் பின்னால் போனால், பாக்டீரியா முதல் ஆலமரம் வரை, நம்மையும் சேர்த்து, எல்லா உயிருக்கும் பொதுவான கடைசி முன்னோர் ஒன்று உண்டு. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘லூகா’ என்கிறார்கள். 2024இல் வந்த ஓர் ஆய்வு அதன் வயதைச் சுமார் 420 கோடி ஆண்டுகள் என்று கணித்தது. டார்வின் 1859இல் வெளியிட்ட புத்தகத்தின் முதல் பதிப்பில் ‘எவல்யூஷன்’ என்ற பெயர்ச்சொல்லே கிடையாது. அவர் அதிகம் பயன்படுத்தியது முன்னோர் வழி இறங்கிவருதலைக் குறிக்கும் ‘டிசென்ட்’.

மொழிக்கும் முன்னோர்

மனிதருக்கு இருந்த சொல் மொழிகளுக்கும் போனது. வடமொழியும் கிரேக்கமும் லத்தீனும் பொது மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று 1786இல் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் பேசினார். அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1816இல், சென்னையில் கலெக்டராக இருந்த எஃப்.டபிள்யூ. எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வடமொழியின் பிள்ளைகள் அல்ல, தமக்கென்று தனி மூலம் உடையவை என்று சான்றுகளோடு எழுதினார். கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு முன்னுரைக் குறிப்பாக அது அச்சானது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். கால்டுவெல்லைத் தெரிந்த அளவுக்கு எல்லிஸைத் தமிழர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

15ஆம் எண் யார்?

முன்னோரை எழுதி வைக்க எளிய முறை ஒன்று உண்டு. 1590இல் மிக்கேல் ஐட்ஸிங்கர் என்பவர் கொலோனில் அச்சிட்ட நூலில் இதைக் கையாண்டார். 1898இல் ஷ்டெஃபான் கெக்குலே அதைப் பரப்பினார்; பென்சீனின் வளையத்தைக் கண்டு சொன்ன வேதியியலாளர் கெக்குலேயின் மகன்தான் அவர்.

நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. அப்பாவின் அப்பா 4, அப்பாவின் அம்மா 5. அம்மாவின் அப்பா 6, அம்மாவின் அம்மா 7. எத்தனை தலைமுறை போனாலும் எண் குழம்பாது. உங்களைத் தவிர, இரட்டை எண் எல்லாம் ஆண், ஒற்றை எண் எல்லாம் பெண்.

இதில் 8ஆம் எண், அப்பாவின் அப்பாவின் அப்பா. பத்திரத்திலோ பட்டாவிலோ அவர் பெயர் இருக்கும். 15ஆம் எண், அம்மாவின் அம்மாவின் அம்மா. அவர் பெயரைப் பெரும்பாலும் எந்தக் காகிதமும் எழுதி வைத்திருக்காது. ஆனால் உங்கள் உடம்பின் உயிரணுக்களில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அவரிடமிருந்து 7க்கும், 7இலிருந்து 3க்கும், 3இலிருந்து உங்களுக்கும் வந்தது. அதில் அப்பா வழிக்கு இடமில்லை. 1987இல் 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான தாய்வழி மூதாட்டி சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தார் என்று சொல்ல முடிந்ததும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான்.

இந்த வாரம் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து, ஒரு நோட்டில் 1 முதல் 15 வரை எழுதிப் பாருங்கள். 15ஆம் எண்ணின் பெயரை முதலில் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள்தாம் வீட்டில் மிகக் குறைவு.